முதல் பட்டியலின் கடைசி இடம்

எங்கள் கல்லூரிக்கு ஒரு திமிர் உண்டு. பிளஸ் டூ ரிசல்ட் வந்த பத்தாம் நாளே முதல் பட்டியலை ஒட்டிவிடுவோம். மதுரையில் மற்ற கல்லூரிகள் விண்ணப்பங்களைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே நல்ல பிள்ளைகளையெல்லாம் வாரிக்கொண்டுவிட வேண்டும் என்பது திட்டம். பட்டியலில் பெயர் வந்தவள் இரண்டு நாளில் ஒரிஜினல் டி.சி.யைக் கொடுக்க வேண்டும். வேறு கல்லூரிக்குப் போக மாட்டேன் என்று மகளும் அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும். வெளியூர்ப் பெண் என்றால் அன்றே பெட்டியோடு வந்து ஹாஸ்டலில் சேர்ந்துவிட வேண்டும். ஒரிஜினல் எங்கள் பீரோவுக்குள் போய்விட்டால், பிறகு மெடிக்கல் சீட்டே கிடைத்தாலும் அதைத் திரும்ப வாங்குவதற்குள் பெற்றவருக்குச் செருப்புத் தேய்ந்துவிடும்.

இதையெல்லாம் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. எண்பதுகளின் தொடக்கம். பெண்கள் கல்லூரி, வேதியியல் துறை, டியூட்டர் வேலை. டியூட்டர் என்றால் பாதி ஆசிரியை, பாதி எடுபிடி. லேபில் பிப்பெட் உடைந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், அட்மிஷன் நேரத்தில் விண்ணப்பங்களை அடுக்கிவைக்கவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வருஷம் துறைத் தலைவி என்னை இன்டர்வியூ அறைக்குள்ளேயே உட்காரச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. புதுச் சேலை எடுத்தேன்.

மார்க் பார்த்துத்தான் சீட் என்று வெளியே சொல்வோம். பட்டியலின் மேல்பாதிக்கு அது உண்மைதான். ஒதுக்கீட்டுக் கணக்கை ஆபீஸ் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு பிரிவிலும் கடைசி ஒன்றிரண்டு இடத்துக்கு ஒரே மார்க்கில் நாலைந்து பேர் நிற்பார்கள். அங்கேதான் இன்டர்வியூ. அந்த அறையில் மார்க்கைப் பற்றி யாரும் பேசியதில்லை. இவள் பஸ்ஸில் வந்துபோகிற பெண், லேப் முடியும்வரை இருப்பாளா? இவளுக்கு வாயே திறக்கவில்லையே. இவளுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்களா? கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் பெரியது. நடுவில் கல்யாணம் செய்துகொண்டு போகிறவளால் ஒரு சீட் வீணாகிறது என்பது துறைத் தலைவியின் தீராத குறை. சந்தேகம் வந்தால் விண்ணப்பத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறு கோடு போடுவார். கோடு விழுந்த விண்ணப்பம் கட்டின் அடிக்குப் போய்விடும். அந்தப் பெண்ணுக்குக் கடைசிவரை ஏன் என்று தெரியாது.

அந்த வருஷம் விண்ணப்பித்தவர்களில் என் அண்ணன் மகளும் ஒருத்தி. நான் அப்போது செல்லூரில் அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். கல்யாணமாகாத தங்கைக்கு அண்ணன் வீட்டில் எவ்வளவு இடம் உண்டோ அவ்வளவு இடத்தில் இருந்தேன். மதினி நல்லவள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்டர்வியூவுக்கு முந்தின நாள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

"நீ உள்ள உக்காந்துருக்கையில நம்ம புள்ளைக்குக் கெடைக்கலன்னா, தெருவுல நான் எப்படித் தலைகாட்டுறது?" என்றாள்.

உறவுக்காரப் பெண் விண்ணப்பித்திருந்தால் முன்பே சொல்லிவிட்டு அறையை விட்டு எழுந்து போக வேண்டும் என்பது வழக்கம். நான் சொல்லவில்லை. இனிஷியல் வேறு, முகச்சாயலும் வேறு, யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன். இதுவரை செய்ததைக்கூட மன்னித்துக்கொள்ளலாம். மற்றது மறுநாள் நடந்தது.

காலையில் வராந்தாவில் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைத் தாவணி கட்டிய ஒரு பெண் என்னிடம் வந்தாள். கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். கூட அவள் அப்பா, துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நாலடி தள்ளி நின்றார். பெண்ணின் இடது மணிக்கட்டில் மஞ்சள் நூல், அதில் ஒரு மஞ்சள் துண்டு முடிந்திருந்தது. நான் மேலூர்க்காரி. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

"டீச்சர், எங்க ஊருல சாமிக்குக் காப்புக் கட்டியாச்சு. நானும் முளப்பாரி போட்டுருக்கேன். விளக்கு வைக்கிறதுக்குள்ள ஊருக்குள்ள இருக்கணும். என்னயக் கொஞ்சம் மொதல்ல கூப்புட்டு விடுறீங்களா?" என்று கேட்டாள்.

எங்கள் பக்கத்தில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் அதை அவிழ்க்கும்வரை ஊர்க்காரர்கள் வெளியூரில் ராத்தங்க மாட்டார்கள். முளைப்பாரி போட்டவள் தங்கினால், ஊரில் எந்த மாடு செத்தாலும் அவளைத்தான் சொல்வார்கள். அவளுடைய கவலை எனக்கு நன்றாகப் புரிந்தது. அவள் விண்ணப்பத்தை எடுத்து மூன்றாவதாக வைத்தேன். அந்த உபகாரத்தைச் செய்தவளும் நான்தான்.

உள்ளே அவள் நன்றாகவே பதில் சொன்னாள். கேட்ட சமன்பாட்டைத் தடுமாறாமல் எழுதினாள். ஆங்கிலம் திக்கியது, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துறைத் தலைவி திருப்தியோடு பேனாவை மூடிவிட்டு, பெயர் வந்தால் இரண்டு நாளில் ஹாஸ்டலுக்கு வந்துவிட வேண்டும், சரிதானே என்று சும்மா கேட்டார். எல்லாப் பெண்களும் சரி என்று சொல்கிற கேள்வி அது.

அவள் சற்றுத் தயங்கினாள். பிறகு, "ரெண்டு நாள்ல முடியாது மேடம். ஒரு வாரம் கழிச்சு வாரேன்" என்றாள். காரணம் சொல்லவில்லை. வெளியே என்னிடம் கூச்சமில்லாமல் சொன்னவள், அந்த அறையில், கண்ணாடி போட்ட பெரிய மேடத்தின் முன்னால் சாமி, முளைப்பாரி என்று சொல்ல வெட்கப்பட்டிருக்க வேண்டும். சொல்லும்போது இடது கையைத் தாவணிக்குள் இழுத்துக்கொண்டாள். அதைத்தான் துறைத் தலைவி பார்த்தார்.

அவள் வெளியே போனதும் என் பக்கம் திரும்பினார். அவர் பெங்களூரில் வளர்ந்தவர். எங்கள் ஊர் விஷயம் எதுவானாலும் என்னைத்தான் கேட்பார்.

"கையில என்னமோ மஞ்சக் கயிறு கட்டியிருந்தாளே. ஒரு வாரம் வேற கேக்குறா. கல்யாணமா?" என்றார்.

மேஜை மேலிருந்த கட்டில் அவளுடைய விண்ணப்பமும் என் அண்ணன் மகளுடையதும் அடுத்தடுத்து இருந்தன. ஒரே பிரிவு, மொத்த மார்க் ஒன்று, இருப்பது ஒரு இடம். கெமிஸ்ட்ரியில் மட்டும் கொட்டாம்பட்டிப் பெண்ணுக்கு என் அண்ணன் மகளைவிட ஒன்பது மார்க் கூட. அது சாமிக் காப்பு மேடம் என்று சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது.

"இருக்கலாம் மேடம்" என்றேன்.

துறைத் தலைவி பென்சிலை எடுத்தார். பக்கத்தில் இருந்த மூத்த விரிவுரையாளர், நல்ல பொண்ணு, பாவம் என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னார்.

நான் பொய் சொல்லவில்லை, இருக்கலாம் என்றுதானே சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே வக்கீலாக வாதாடியிருக்கிறேன். அந்த வாதம் ஒருநாளும் ஜெயித்ததில்லை. பொய் சொல்லியிருந்தால்கூட அதில் ஒரு துணிச்சல் இருந்திருக்கும். இது நைசாகச் செய்த வேலை. தெரியாத மாதிரி இருந்துகொண்டு தெரிந்தே செய்தது.

பட்டியல் ஒட்டிய அன்று மதினி கேசரி கிண்டினாள். அண்ணன் மகள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவள் தன் மார்க்கால் வந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறாள். நன்றாகப் படித்தாள், ரேங்க் வாங்கினாள், நல்ல வேலையில் இருக்கிறாள். அவள் பாதியில் நின்றிருந்தாலாவது கடவுள் கணக்குக் கேட்டுவிட்டார் என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அப்படி நினைத்ததற்காகவும் வெட்கப்பட்டிருக்கிறேன்.

பட்டியல் ஒட்டிய மூன்றாம் நாள் கொட்டாம்பட்டிப் பெண் வந்தாள். கையில் காப்பு அப்படியேதான் இருந்தது. ஆபீசில் யாரும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை போலிருக்கிறது, லேப் வாசலுக்கே வந்துவிட்டாள். சண்டை போட வரவில்லை. எதில் குறைந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தாள். வெளியூரில் வேறொரு கல்லூரியிலிருந்து சீட் கிடைத்ததாகக் கார்டு வந்திருக்கிறது, அங்கே சேர்ந்துவிடவா என்று அப்பா கேட்கிறார், உங்களைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று வந்தேன் என்றாள்.

எனக்கு அவள் அந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்று இருந்தது.

"கெமிஸ்ட்ரில கொஞ்சம் கம்மி" என்றேன்.

"எம்புட்டு டீச்சர்?"

"ஒரு பத்துப் பதினஞ்சு மார்க்கு. நல்லா எழுதியிருந்தா வந்துருக்கும். அடுத்த வருஷம் பாக்கலாம்."

அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பது நாங்கள் எல்லோரிடமும் சொல்வது. கடைக்காரர் நாளைக்கு வாங்க என்று சொல்கிற மாதிரி. அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போனாள். அத்தோடு விட்டது என்று நினைத்தேன்.

அடுத்த ஜூன் மாதம் விண்ணப்பம் வாங்குகிற ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். வரிசையில் அவள் நின்றாள். தாவணி மாறியிருந்தது, ஆளும் இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்க சொன்னதக் கேட்டு அந்தக் காலேஜ விட்டுட்டேன் டீச்சர். ஒரு வருஷம் வீட்டுலயே இருந்து மறுபடி எழுதுனேன். கெமிஸ்ட்ரில பதினெட்டு மார்க்கு கூட வந்துருக்கு" என்று சொல்லி விண்ணப்பத்தை ஜன்னலுக்குள் நீட்டினாள். பழைய மார்க் ஷீட்டும் புதிய மார்க் ஷீட்டும் ஒன்றாகச் சேர்த்துப் பின் அடிக்கப்பட்டிருந்தன.

எங்கள் விண்ணப்பத்தின் பின்பக்கம், பொடி எழுத்தில், ஏழாவது விதி ஒன்று உண்டு. ஒரே தடவையில் எழுதித் தேறிய மார்க்கைத்தான் எடுத்துக்கொள்வோம், மறுபடி எழுதி வாங்கிய மார்க் செல்லாது. போன வருஷத்து ரிசல்ட்டை வைத்து இந்த வருஷம் சேரவும் முடியாது. வருஷாவருஷம் அந்தத் தாளைக் கட்டுக்கட்டாக எண்ணி வைத்தவள் நான். அவளிடம் பேசிய அன்று அது என் மனதில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவளைப் பற்றி நான் அவ்வளவுதான் யோசித்திருந்தேன்.

வாயால் சொல்ல முடியாமல் தாளைத் திருப்பி அந்த வரியைக் காட்டினேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உதட்டை அசைத்து, இரண்டு தடவை படித்தாள். பின்னால் நின்றவள் தள்ளினாள்.

"இது போன வருஷமும் இருந்துச்சா டீச்சர்?"

"இருந்துச்சு."

அவள் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் என்னவோ தவித்துப்போய் உட்கார்ந்திருப்பதாக அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்காக அவளே ஒரு சமாதானம் தேடிச் சொன்னாள்.

"அம்புட்டுப் பேப்பர் பாக்குறீங்க, உங்களுக்கு நெனப்பு இருந்துருக்காது. இந்தக் காலேஜுல எனக்குக் காரணம்னு ஒண்ணு சொன்னது நீங்க ஒருத்தர்தான்" என்றாள். விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கி, மடங்காமல் பைக்குள் வைத்துக்கொண்டு, வரிசையிலிருந்து விலகிப் போனாள்.

ஜன்னலைச் சாத்திவிட்டு எழுந்தேன். துறைத் தலைவியின் அறை வராந்தாவின் கோடியில் இருந்தது. போய்ச் சொல்லிவிட வேண்டும், அந்தப் பெண் கேட்டைத் தாண்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நடந்தேன். அவர் கண்டிப்பானவர், ஆனால் நியாயம் தெரிந்தவர். உண்மையைச் சொல்லியிருந்தால் விதியைத் தளர்த்தச் சொல்லிப் பிரின்சிபாலிடம் பேசியிருப்பார், எனக்குச் சந்தேகமே இல்லை. அப்போது போன வருஷத்து விண்ணப்பக் கட்டையும் எடுக்கச் சொல்வார். அவளுக்குப் போக வேண்டிய இடம் யாருக்குப் போனது என்று கேட்பார். என் அண்ணன் மகள் அந்த நேரம் மாடியில் பிராக்டிகல் கிளாசில் இருந்தாள்.

கதவைத் தள்ளியதும் அவர் நிமிர்ந்து பார்த்து என்ன என்று கேட்டார்.

"நாளைக்கு ஒரு நாள் லீவு வேணும் மேடம்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்து உடம்பு சரியில்லை என்று நினைத்துவிட்டார். இரண்டு நாளாக எடுத்துக்கொள்ளச் சொல்லி லீவு நோட்டில் கையெழுத்துப் போட்டார்.