மஞ்சள் கட்டம் விழுந்த முகம்

என் மச்சானின் கேமராப் பையைத் திறந்தால் முதலில் அத்தர் வாசனைதான் எழும்பி வரும். மேல்விஷாரத்துக் கல்யாண வீடொன்றில் யாரோ அன்பு மிகுதியால் தெளித்தது. எத்தனை வெயிலில் காயப்போட்டும் போகவில்லை. வாசனைக்கு அடியில் இரண்டு கேமராக்கள், சண்டை போட்ட தம்பதி போல ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கும். ஒன்று கனத்தது, உள்ளே கண்ணாடி உடையது, பொத்தானை அமுக்கினால் பீரோ கதவு சாத்துகிற மாதிரி ‘டக்’ என்னும். மற்றது கண்ணாடி இல்லாதது. சோப்பு டப்பாவுக்குக் கொஞ்சம் பெரிய அண்ணன். இரண்டாயிரங்களின் கடைசியில், இவற்றில் எதற்கு எதிர்காலம் என்று மச்சானும் நானும் ஆம்பூர் பிரியாணிக் கடைகளில் உட்கார்ந்து நிறைய வாதாடியிருக்கிறோம். எங்கள் சொந்த எதிர்காலத்தைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லாததால், கேமராக்களின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவது சுலபமாக இருந்தது.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து ஆம்பூரில் ஸ்டுடியோ வைத்திருந்தார். ஞானஸ்நானம், கல்யாணம், ஷூ கம்பெனிகளின் சாம்பிள், சாவு என்று, ஒரு மனிதனுக்கும் அவன் செருப்புக்கும் நேரக்கூடிய எல்லாவற்றையும் படம் எடுத்தார். நான் ஒரு ஷூ கம்பெனியின் ஷிப்பிங் பிரிவில் குப்பை கொட்டிக்கொண்டே பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரைகள் அனுப்பிவந்தேன். வெளிநாட்டுக்காரன் திருப்பி அனுப்பும் ஷூக்களைவிட வேகமாக அவை திரும்பி வந்தன. லீவு நாட்களில் மச்சானுக்கு வெளிச்சம் திருப்ப வெள்ளைத் தெர்மாகோல் அட்டை பிடிப்பேன். அசிஸ்டெண்ட் வைத்தால் சம்பளம் கேட்பான், தங்கச்சி புருஷன் டீயோடு முடிந்துபோவான் என்பது அவருடைய நிர்வாகவியல்.

ஒருநாள் ஸ்டுடியோவில் கனத்த கேமராவின் லென்ஸைக் கழற்றி உள்ளே பார்க்கச் சொன்னார். தபால்தலை அளவில், சாய்வாக ஒரு கண்ணாடி. அதில் என் மூக்கு மட்டும் தெரிந்தது. எந்தக் கண்ணாடியும் என்னிடம் முதலில் கண்டுபிடிப்பது அதைத்தான். லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தை அந்தக் கண்ணாடி மேலே திருப்பி நம் கண்ணுக்குத் தருகிறது. பொத்தானை அமுக்கியதும் துள்ளி எழுந்து வழிவிடுகிறது. வெளிச்சம் பின்னால் போய்ப் படமாகிறது. அந்தக் கணத்தில் பார்க்கிறவன் கண்ணுக்கு வெறும் இருட்டு.

“நல்லா யோசிச்சிப் பாரு மாப்ள,” என்றார் மச்சான். “இத்தினி வருஷத்துல நான் எடுத்த ஒரு படத்தையும் எடுக்கற நேரத்துல நான் பாக்கல. அதுக்கு முன்னாடி பாத்தேன், அதுக்கு அப்பறம் பாத்தேன். நடுவுல அங்க இன்னா நடந்துச்சுன்னு கேமராவுக்குத்தான் தெரியும்.”

பிரியாணி ஏப்பத்துக்கு இடையில் சொன்னதால் அப்போது அது தத்துவமாகப் பட்டது. வீட்டுக்கு வந்து படுத்துக் கண்ணை மூடிய பிறகு வேறு மாதிரி பட்டது.

கண்ணாடி இல்லாத கேமராவை, ஜெர்மனிக்குத் தோல் கண்காட்சி பார்க்கப் போய்வந்த எங்கள் மேனேஜர் வாங்கி வந்தார். சாம்பிள் படம் எடுக்கட்டும் என்று மச்சானிடம் கொடுத்துவைத்தார். அதில் இருட்டுக்கு இடமே இல்லை. பின்பக்கத் திரையை ஜன்னல் கதவு போல வெளியே திருப்பிவிட்டால் லென்ஸ் பார்ப்பதை ஊரே பார்க்கலாம். அதைவிட அதிசயம், மனித முகம் எதிரே வந்தால் அது தானாகவே முகத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் கட்டம் போட்டது. இன்று பத்து வயதுப் பிள்ளையும் இதற்கு வியக்காது. அன்று எங்கள் தையல் பிரிவே சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டது. மச்சானுக்கு உற்சாகம் பொறுக்கவில்லை. மேசைமேல் இருந்த ஷூவைக் காட்டினார், கட்டம் இல்லை. தையல் மிஷினைக் காட்டினார், இல்லை. பெண்கள் பக்கம் திருப்பினார். திரை முழுக்க மஞ்சள் கட்டங்கள்.

“ஷூவுக்குப் போடாது, மிஷினுக்குப் போடாது. உசுரு இருக்கற மூஞ்சிக்குத்தான் போடும்,” என்று முழங்கினார். வியாபாரி பேச்சு. அதை யார் மனதில் போட்டு வைத்துக்கொள்ளப் போகிறார்கள்?

“எங்க, சாரைக் காட்டுங்க,” என்றாள் ஒருத்தி. கேமரா என் பக்கம் திரும்பியது. கட்டம் வரவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்துவிட்டு அப்போதும் வரவில்லை.

“ஐயோ, சாருக்கு உசுரு இல்லபா!”

“ஷிப்பிங்ல அப்டித்தான்டி. கன்டெய்னரோட சேத்து அனுப்பிட்டு இருப்பாங்க.”

சிரிப்பை அடக்கியவர் தையல் பிரிவின் சூப்பர்வைசரம்மா. “கம்முனு இருங்கடி. சார், நீங்க அந்த வெளிச்சத்தாண்ட வந்து நில்லுங்க, வரும்,” என்றார். நகர்ந்து நின்றேன், வந்தது. “வந்துடுச்சி பாருங்க. நெஜமாவே ஒரு மாதிரி ஆய்டுச்சி எனக்கு,” என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கை உடனே இறங்கவில்லை.

அவர் புருஷன் போய்ச் சேர்ந்து வெகு காலம். ஒரே மகன், ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை. பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த மழைக்காலத்தில் டியூட்டி முடிந்து வந்து படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். வெளியூர்ச் சொந்தங்கள் வந்து சேரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில், சவப்பெட்டியை மூடுவதற்கு முன் படம் எடுப்பது வழக்கம். பெட்டியின் தலைமாட்டைச் சற்று உயர்த்திவைத்து, சுற்றிலும் குடும்பம் நிற்கும். போட்டோகிராபர் “எல்லாரும் இங்க பாருங்க” என்பார். ஒருவர் நீங்கலாக எல்லோரும் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் போனவரின் முகத்தை மட்டும் தனியாக ஒரு படம். துபாயில் இருக்கிறவர்களுக்கும், வர முடியாத கிழவர்களுக்கும் அதுதான் கடைசி தரிசனம்.

நாங்கள் போனபோது நடுப்பகல், கரண்ட் போயிருந்தது. ஃபேன் நின்று, அறையில் சம்பங்கிப் பூவும் யூடிகோலோனும், அவற்றை மீறி ஊருக்கே உரிய, தோல் பதனிடும் ஷாப்பு வாடையும் அசையாமல் நின்றன. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துச் சவப்பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். குளிர்ந்த உடம்பில் வெளிக்காற்று பட்டு, நெற்றியிலும் மேலுதட்டிலும் துளித்துளியாக நீர் பூத்திருந்தது. பார்த்தால் வெயிலில் நடந்து வந்து படுத்தவன் போல இருந்தான். நான் ஜன்னல் வெளிச்சத்தை அட்டையில் வாங்கி அவன்மேல் திருப்பினேன். மச்சான் சின்னக் கேமராவை உயரத் தூக்கிப் பிடித்து, திரையைக் கீழ்ப்பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

அவன் முகத்தில் மஞ்சள் கட்டம் விழுந்தது.

போனது. மறுபடி விழுந்தது. கொஞ்சம் நின்று, மறுபடி போனது. மூச்சு வாங்கி விடுகிற தாளம்தான் அது. வேறு எப்படிச் சொல்வது என்று இத்தனை வருடம் கழித்தும் எனக்குத் தெரியவில்லை. மச்சான் அவசரமாக ஒரு படம் எடுத்துவிட்டுத் திரையை உள்ளங்கையால் மறைத்தார். அதற்குள் பின்னால் சூப்பர்வைசரம்மா நின்றுகொண்டிருந்தார். படத்துக்கு நிற்பதற்காக உள்ளறையிலிருந்து வந்தவர்.

“தம்பி, கட்டம் போட்டுச்சு.”

“அம்மா, அது வந்து…”

“நீதான சொன்ன? உசுரு இருக்கற மூஞ்சிக்குத்தான்னு? ஷூவுக்குப் போடாதுன்னு?” குரல் உயரவில்லை. தையல் பிரிவில் தப்பான ஜோடியைக் கண்டுபிடித்தால் பேசுகிற அதே குரல். “வேர்த்திருக்குது பாரு புள்ளைக்கு.”

வெளியே பெண்கள் பாடிக்கொண்டிருந்த ஞானப்பாட்டு நின்றது. நர்ஸாக இருந்த அவருடைய தங்கை முன்னால் வந்து பையனின் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்து, தலையை ஆட்டினாள். “போய்ட்டான் கா. விடு கா.”

“உன் வெரலுக்குத் தெரியல. மிஷினுக்குத் தெரியுது.” அவ்வளவுதான். சுவரோரம் சாத்தியிருந்த பெட்டி மூடியை எடுத்து மடியில் குறுக்கே போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கல்லறையில் குழி காத்திருந்தது. வானம் கருத்துக்கொண்டு வந்தது. இனி ஐஸ் பெட்டியும் கிடையாது. வேறு வீட்டுக்குப் போய்விட்டது. பலவந்தமாக மூடியைப் பிடுங்கலாம். பிடுங்கினால், உயிரோடு இருக்கிற பிள்ளையைப் புதைத்துவிட்டார்கள் என்ற நினைப்போடு அந்த அம்மா மிச்ச ஆயுளைக் கழிக்க வேண்டும். அறையில் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. ஆகவே எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள்.

மச்சான் அறிவியலை நாடினார். “அம்மா, இது படத்துக்கும் போடும்மா. பாருங்க,” என்று கேமராவைச் சுவரில் இருந்த இயேசுநாதர் படத்துக்குத் திருப்பினார். கட்டம் கச்சிதமாக விழுந்தது. “பாத்தீங்களா? வெறும் படம்தான? அதுக்கும் போடுது.”

சூப்பர்வைசரம்மா நிமிர்ந்து பார்த்தார். “அவரு உயிரோடதான தம்பி இருக்காரு?”

மச்சான், ஜெபம் செய்ய வந்திருந்த பாஸ்டர் ஐயாவைப் பார்த்தார். பாஸ்டர் ஐயா வாயைத் திறந்தார்; பிறகு மூடிக்கொண்டார். ஈஸ்டருக்கு ஈஸ்டர் தான் சொல்லிவருவதை ஒரு கேமராவுக்காக அவர் மறுத்துப் பேச முடியுமா? வேறு இடமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

பதற்றத்தில் மச்சான் அடுத்த தப்பைச் செய்தார். பக்கத்தில் மாலையோடு தொங்கிய அந்த அம்மாவின் புருஷன் படத்துக்குக் கேமராவைத் திருப்பினார். கட்டம் விழவில்லை. நெருங்கிப் போனார். விழவில்லை. கண்ணாடிச் சட்டத்தில் வெளிச்சம் அடித்திருக்கும் என்று இன்று சொல்வேன். அன்று அந்த அறையில் நின்றவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டதைத்தான் பார்த்தேன். என் கை அட்டையில் இருந்தது. அதனால் கட்டம் என்மேல் விழுந்துவிடாமலும், அதைவிட, விழாமல் போய்விடாமலும், அட்டைக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டேன்.

மச்சான் சின்னக் கேமராவை அணைத்துப் பைக்குள் போட்டார். கனத்ததை எடுத்தார். அதன் ஆட்டோ ஃபோகஸை நிறுத்தினார். அதிலும் ஏதாவது மின்னித் தொலைக்கக் கூடாதே. தரையில் அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தினார். “அம்மா, அது மிஷின் பாக்கறது. இது நம்ம கண்ணு பாக்கறது. நீங்களே பாருங்க. நீங்களே எடுங்க,” என்றார். குரல் கெஞ்சியது.

அந்த அம்மா மூடியைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். கேமராவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கண்ணை வைத்துப் பார்த்தார். அதில் கட்டம் கிடையாது, எழுத்து கிடையாது. சின்னச் சதுரத்தில் அவர் மகன் மட்டும். வெகு நேரம் பார்த்தார். தெருவில் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பிறகு விரல் அமுக்கியது.

டக்.

கேமராவை இறக்காமலேயே சொன்னார்: “இருட்டாய்டுச்சி தம்பி.”

“அவ்ளோதாம்மா,” என்றார் மச்சான்.

அவர் தங்கை பெட்டி மூடியைத் தூக்கினாள். யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் மச்சான் அந்தச் சின்னக் கேமராவை ஸ்டுடியோ முழுக்கத் திருப்பிப் பார்த்தார். ஷோகேஸ் பொம்மைக்குக் கட்டம் விழுந்தது. கல்யாணப் படங்களுக்கு விழுந்தது. காலண்டர் குழந்தைக்கும் விழுந்தது. “முட்டாள் மிஷின் மாப்ள. ரெண்டு கண்ணு, ஒரு மூக்கு இருந்தா போதும் இதுக்கு,” என்றார்.

“அப்ப அங்க ஏன் வந்து வந்து போச்சு?”

“நெழல் ஆடியிருக்கும்.”

“ஃபேன் ஓடலயே. நான் அட்டையக்கூட அசைக்கல.”

“டீய குடி,” என்றார்.

சில வாரம் கழித்துச் சூப்பர்வைசரம்மா படம் வாங்க வந்தார். சின்னக் கேமரா எடுத்த முகப் படம் தெளிவாக வந்திருந்தது. மச்சான் பிரின்ட் போட்டுத் தயாராக வைத்திருந்தார். அந்த அம்மா எடுத்ததை அவர் பிரின்ட் போடவே இல்லை. அமுக்கும்போது கை தூக்கிப் போட்டிருக்கிறது. பையனும் இல்லை, பெட்டியும் இல்லை. எதிர்ச்சுவர் ஜன்னல் மட்டும்தான் விழுந்திருந்தது. காற்றே இல்லாத அந்தப் பகலில், ஜன்னல் திரைச்சீலை வெளிப்பக்கமாகப் பறந்து போயிருந்தது.

“நான் எடுத்தது எங்க?” என்று கேட்டார். வேறு வழியில்லாமல் கம்ப்யூட்டரில் காட்டினோம். மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு மச்சான் நின்றார். அந்த அம்மா திரைக்கு வெகு அருகில் குனிந்து பார்த்தார்.

“இத பெருசா போட்டுக் குடு.”

“அம்மா, இதுல தம்பி இல்லயேம்மா. அந்தப் படம் நல்லா வந்திருக்கு…”

“அது அவன் போறதுக்கு முன்ன எடுத்தது,” என்றார். முகப் படத்தைத் தொடவும் இல்லை.

கண்ணாடி வைத்த கேமரா இனி வராது என்று வேலூர்க் கடைப் பையன்கள் இப்போது சொல்கிறார்கள். உண்மைதான்; பிரியாணிக் கடை வாதத்தில் நான் தோற்றுவிட்டேன். என் கைபேசிகூடக் கண்ட முகத்துக்கெல்லாம் கட்டம் போடுகிறது. என் முகத்துக்கு அது தாமதமானால், யாரும் கேட்காமலேயே வெளிச்சத்தாண்ட நகர்ந்து நிற்கிறேன். மச்சானும் கல்யாணத்துக்கெல்லாம் கண்ணாடி இல்லாததற்கு மாறிவிட்டார். சாவு வீட்டுக்கு மட்டும் பழைய கனத்ததைத் தூக்கிக்கொண்டு போகிறார். ஒரு கணமாவது பார்க்காமல் இருக்க அது இடம் கொடுக்கிறது என்கிறார். படம் எடுப்பவனுக்கு மட்டும்தான் அந்தக் கணம் என்று நான் நினைத்திருந்தேன். போகிறவனுக்கும் அது வேண்டியிருக்கலாம்.

போன கிறிஸ்துமஸுக்குச் சூப்பர்வைசரம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். ரிடையர் ஆகி, தனியாகத்தான் இருக்கிறார். அந்த அறைக்கு ஏ.சி. வைத்திருக்கிறார்கள், ஜன்னலைப் பலகை அடித்து மூடிவிட்டார்கள். எதிர்ச்சுவரில் இயேசுநாதருக்கும் புருஷனுக்கும் நடுவே, சட்டம் போட்டு, அதே ஜன்னல் திறந்திருந்தது. கூட வந்திருந்த என் மகள் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தாள்.

“இது எந்த ஊரு ஜன்னல் ஆன்ட்டி?”

“எம் புள்ளடி அது,” என்றார் சூப்பர்வைசரம்மா, அவளுக்கு இன்னொரு துண்டு கேக் வைத்துக்கொண்டே.