ஊருக்கெல்லாம் ஒரே துண்டு

கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஆளைத் தாடையோடு சேர்த்துச் சன்னல் பக்கம் திருப்பி, "மேல பாரு. இன்னும் மேல. என்னைப் பாக்காத, என்கிட்ட பாக்க ஒண்ணும் இல்ல" என்கிறார் சால்கின் எஜே. மேலே பார்ப்பவனின் கண் தக்காளி மாதிரி இருக்கிறது. "காலையில பீளை கட்டி இமை ஒட்டிக்கிச்சா, இல்ல தண்ணியா வடியுதா?" ஒட்டிக்கொண்டது என்றால் சொட்டு மருந்து. தண்ணீராக வடிகிறது என்றால் ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சுதான் சிகிச்சை. தானாகத் தணியும்வரை கண்ணைக் கசக்காதே, அடுத்தவரைத் தொடாதே, என்னையும் தொந்தரவு செய்யாதே என்று பொருள். ஊருக்கு அது பழகிவிட்டது.

எஜே என்றால் அக்கா. அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஊசி யார் கையில் இருக்கிறதோ அவர் அக்கா. டாக்டர் இல்லை, நர்சும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் சோவியத் காலம் விட்டுச் சென்ற ஃபெல்ட்ஷர் என்ற உத்தியோகம். நாரின் சாலையிலிருந்து பிரிந்து மேலே ஏறும் மண்பாதையின் கடைசி ஊரில் அவருடைய சுகாதார நிலையம் இருக்கிறது: ஒரு கரி அடுப்பு, ஒரு கட்டில், கண் பரிசோதனைக்கான எழுத்துப் பலகை. பலகையின் மேல் வரிகள் ஊருக்கே மனப்பாடம் என்பதால், யாரும் கண்ணை மூடிக்கொண்டே தேறிவிடலாம்.

களைப்பு அவர் முகத்தில் மூக்குக்கண்ணாடி போல நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. கடையில் மாவு வாங்க நின்றால் பின்னாலிருந்து ஒருவன் காதைத் திருப்பிக் காட்டுவான். தெருவில் குதிரையை நிறுத்தி, சேணத்திலிருந்தே குனிந்து வாயைப் பிளப்பான் இன்னொருவன். போன குளிர்காலத்தில் ஒரு சாவு வீட்டில், கம்பளிக் கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண், ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் தலைத்துணியை விலக்கி, "எஜே, கழுத்தப் பாருங்களேன், ஒரே அரிப்பு" என்றாள்.

"கம்பளி ஒத்துக்கல. உள்ள பருத்தித் துணி போடு. சொறியாத."

"சரி எஜே" என்றவள், விட்ட இடத்திலிருந்து அழுகையைப் பிடித்துக்கொண்டாள்.

தோல் விஷயத்தில் ஊர் நம்புவது பச்சை மருந்தை. காயத்தில் தடவுகிற சாயம் அது, லேசில் போகாது. போகாததால்தான் நம்புகிறார்கள். நிறமில்லாத களிம்பைக் கொடுத்தால், ஏமாற்றப்பட்டவர்கள் மாதிரிப் பார்ப்பார்கள். கன்றுக்குட்டியைக் கட்டிக்கொண்டு தூங்கிப் படர்தாமரை வாங்கி வரும் பிள்ளைகளுக்கு எஜே முதலில் களிம்பைத் தடவுவார். பிறகு அதைச் சுற்றி அழகாக ஒரு பச்சை வட்டம் போடுவார். "களிம்பு படர்தாமரைக்கு, பச்சை அம்மாவுக்கு" என்பார். அம்மா திருப்தியாகப் போவாள்.

காது வலி என்று வருகிறவர்களின் காதில் ஆட்டு வால் கொழுப்பு ஏற்கெனவே உருக்கி ஊற்றப்பட்டிருக்கும். ஊற்றியபோது சூடு, இப்போது கட்டி. டார்ச்சைப் பிடித்து எட்டிப் பார்த்து, "இது காதா, கசாப்புக் கடையா?" என்பார். "நல்லா சூடாத்தான் எஜே ஊத்துனோம்." "தெரியுது. வெந்துருக்கு." பிறகு இளஞ்சூடான எண்ணெய் விட்டு அதை இளக்கி, உள்ளே செவிப்பறை கண்ணில் படும்வரை துடைத்துத் துடைத்து எடுப்பதற்குள் அவருக்கு அந்தப் பொழுதே போய்விடும்.

தொண்டைதான் பெரிய சிக்கல். இங்கே பேச்சில் தொண்டைக்கும் 'தமாக்', சாப்பாட்டுக்கும் 'தமாக்'. ஆரம்ப காலத்தில் இதை யோசிக்காமல், மாமியார் வைத்த சூப்பைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டு வந்த ஒருவரை வாரம் முழுக்க உப்புத் தண்ணீர் கொப்பளிக்க வைத்துவிட்டார். இப்போதெல்லாம் முதல் கேள்வியே அதுதான். மேய்ச்சல்காரர் ஒமுர்குல் வந்து, "தமாக் சரியில்ல எஜே" என்று முனகினால், "எது? உள்ள போறதா, போற வழியா?"

"போறதுதான்."

"வீட்டுக்காரம்மா எங்க?"

"பிஷ்கெக்ல, மக வீட்டுல. குளிர் முடிஞ்சுதான் வருவா."

"அப்ப வாய மூடுங்க அண்ணே. அதுக்கு என்கிட்ட மருந்தில்ல."

'போற வழி' என்று சொல்பவர்களுக்குக் கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்திப் பார்ப்பார். காய்ச்சல், உள்ளே வெள்ளைப் புள்ளி, கழுத்தில் நெறிக்கட்டு எல்லாம் இருந்து இருமல் மட்டும் இல்லை என்றால் மாத்திரை. மூக்கும் சேர்ந்து ஒழுகுகிறது என்றால் உப்புத் தண்ணீர், மறுபடியும் பெருமூச்சு.

இந்தப் பெருமூச்சுகளை எல்லாம் இறக்கிவைக்க அவருக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. இஸ்ஸிக்-குல் ஏரிக்கரையில் ஓர் ஓய்வு இல்லம். வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு, இந்த இலையுதிர் காலத்தில்தான் மாவட்டம் மனமிரங்கியது. மற்றவர்கள் அங்கே சேற்றுக் குளியலுக்கும் மசாஜுக்கும் போகிறார்கள். சால்கின் எஜேயின் திட்டத்தில் அதெல்லாம் கிடையாது. கதவைத் தாழிட்டுவிட்டு, யாரும் வாயைத் திறந்து காட்டாத ஓர் அறையில் கண்ணை மூட வேண்டும். அவ்வளவுதான்.

அப்போது பார்த்து ஊருக்குக் கண் சிவந்தது.

முதலில் ஒரு வீடு, பிறகு ஒரு தெரு, பிறகு பள்ளிக்கூடம். வெறும் தேயிலைத் தண்ணீரில் கழுவியவர்கள் பிழைத்தார்கள். பாலும் உப்பும் போட்ட தேநீரையே கண்ணில் ஊற்றிக்கொண்டு ஒருவர் வந்தார். தொழுகை நடத்துகிற மோல்தோ கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்கு வர, தொழ வந்தவர்கள் அவரைக் கடத்தல்காரன் என்று நினைத்து ஒதுங்கினார்கள். மாவட்ட டாக்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். அவரும் களைத்தவர்தான்.

"சால்கின், இது அடங்குற வரைக்கும் உன்னை விட முடியாது. புதுசா ஒரு கண்ணு செவந்தாலும் அந்த எடம் வேற ஆளுக்குப் போயிடும். என்னைத் திட்டாத."

"உங்கள எதுக்குத் திட்டுறேன்? கண்ணத்தான் திட்டுறேன்."

திட்டிக்கொண்டே யோசித்தார். கூட்டமாகக் கண் சிவப்பது எப்போதும் ஒரு விருந்து முடிந்து சில நாள் கழித்துத்தான். விருந்தில் என்ன நடக்கிறது? இறைச்சியை ஐந்து விரலாலும் அள்ளித் தின்கிற ஊர் இது. தின்பதற்கு முன் வீட்டு மருமகள் கெண்டியும் தட்டுமாக வந்து ஒவ்வொருவர் கையிலும் வெந்நீர் ஊற்றுவாள். கையை உதறக் கூடாது; உதறினால் வீட்டின் பரக்கத், அதாவது அருளும் வளமும், தெறித்துப் போய்விடும். அவள் தோளில் கிடக்கும் துண்டில்தான் துடைக்க வேண்டும். வட்டத்துக்கு ஒரே துண்டு. கண்ணைக் கசக்கிய கையும் அதில் துடைக்கும், இனிமேல் கசக்கப்போகிற கையும் அதில் துடைக்கும். சுகாதார நிலையச் சுவரில் 'கை கழுவுங்கள்' என்று அரசாங்கம் படம் போட்டு ஒட்டியிருக்கிறது. ஊர் பக்தியோடு கழுவிற்று. துடைப்பதைப் பற்றி அரசாங்கம் மூச்சு விடவில்லை.

ஆளுக்கொரு கைக்குட்டை கொண்டுபோங்கள் என்று எஜே சொல்லிப் பார்த்தார். ஊர் முகத்தைத் தூக்கிக்கொண்டது. "அப்ப எங்க வீட்டுத் துண்டு அழுக்கா எஜே?" சொந்தத் துண்டோடு விருந்துக்குப் போவது, சொந்த ரொட்டியோடு போவது மாதிரி. எந்த வீட்டிலும் மறுபடி வாசற்படி ஏற முடியாது. நல்லவேளை, உருளைக்கிழங்கு தோண்டும் வேலை வந்து விருந்துகள் நின்றன. கண்கள் ஒவ்வொன்றாக வெளுத்தன. ஏரி கிட்டே வந்தது. நடுவில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு விருந்து, புருலின் புதுவீட்டு விருந்து.

புருல் அவருக்குச் சம்பந்தி. எஜேயின் மகள் கனிஷாய் வாழ்க்கைப்பட்டிருப்பது புருலின் இளைய மகனுக்கு. மாஸ்கோவில் வேலை பார்க்கும் மூத்த மகன் புண்ணியத்தில் நீலத் தகரக் கூரையோடு வீடு எழும்பியிருந்தது. தள்ளிப்போடச் சொல்லலாம் என்று எஜே போனபோது, விருந்துக்கான குதிரையை ஏற்கெனவே அறுத்துவிட்டிருந்தார்கள்.

"துண்டுக்குப் பதிலா காகிதம் வெச்சிரலாமே சம்பந்தி. கடையில இருக்கு."

"காகிதமா?" புருல் சிரித்தார். "பஸ் ஸ்டாண்டு ஓட்டல்னு நெனச்சீங்களா? கோடை பூரா உக்காந்து இந்தக் கையால பூ போட்டிருக்கேன் சம்பந்தி அந்தத் துண்டுல."

"பூவுக்கு ஒரு கொறையும் இல்ல. கண்ணுதான்…"

"எங்க வீட்டுல யாருக்கும் கண்ணுல ஒண்ணும் இல்ல. வீட்டுக்குள்ள முதல் அடி வைக்கிற நாளு, நல்ல வார்த்தை பேசுங்க. உங்க பொண்ணும் இங்கதானே வாழுறா?" என்று சொல்லி, கை நிறையப் பொரித்த ரொட்டியை அள்ளி எஜேயின் பையில் போட்டார். மிரட்டலை இவ்வளவு மரியாதையாகச் செய்யச் சம்பந்திகளுக்கு மட்டும்தான் வரும்.

விருந்தன்று பெண்கள் அறையில், கதவுக்கு நேரெதிரே உள்ள மரியாதை இடத்தில் எஜேயை உட்கார வைத்தார்கள். பெண் கொடுத்தவர் என்பதால் கை கழுவும் வரிசையும் அவரிடமிருந்துதான் தொடங்கும். பக்கத்தில் கொச்கொரிலிருந்து வந்த புருலின் அக்கா. தலைத்துணி முனையால் வலது கண்ணை ஒற்றிக்கொண்டே இருந்தார். இமை வீங்கியிருந்தது.

"எத்தனை நாளா அக்கா?" என்றார் எஜே, குரலைத் தாழ்த்தி.

"நேத்துதான். வர்ற வழியில தூசி."

"பீளை கட்டுதா?"

"இல்லையே, சும்மா தண்ணியா வடியுது."

எஜேக்குப் பெருமூச்சுகூட வரவில்லை.

கனிஷாய் உள்ளே வந்தாள். ஒரு கையில் கெண்டி, மறு கையில் தட்டு, தோளில் அந்தத் துண்டு. வெள்ளைத் துணி, இரண்டு முனையிலும் சிவப்புப் பூக்கள், பெட்டியில் வைத்திருந்த சோப்பின் வாசனை. வாசலில் புருல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கனிஷாய் அம்மாவின் கையில் வெந்நீர் ஊற்றினாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. எஜே அவசரமில்லாமல் கழுவினார், அவசரமில்லாமல் துடைத்தார். முதல் ஆள் அவர். துண்டு புத்தம் புதிது. அவர் கைக்கு ஒரு ஆபத்தும் இல்லை. துண்டைப் பக்கத்தில் நீட்டிவிட்டுச் சிரித்திருந்தால் மகளுக்கும் ஒரு தொல்லை இல்லை. ஏரி மட்டும்தான் வேறு யாருக்கோ போயிருக்கும்.

கனிஷாய் அடுத்த கைகளுக்கும் தண்ணீர் ஊற்றி முடித்தாள். புருலின் அக்கா ஈரக் கையை நீட்டிக்கொண்டு துண்டுக்காகக் காத்திருந்தார். எஜே துண்டை நாலாக மடித்தார். பூ வெளியே தெரியும்படி ஓரத்தைச் சரிசெய்தார். வலது முழங்காலைத் தூக்கி, அதை அடியில் வைத்து, மேலே உட்கார்ந்துகொண்டார்.

வாசலிலிருந்த புருல் ஓர் அடி உள்ளே வைத்தார்.

"முழங்கால் வலி சம்பந்தி" என்றார் எஜே. "தரை குத்துது."

மரியாதை இடம் என்பதால் அவருக்கு அடியில் மெத்தை மேல் மெத்தையாக அடுக்கியிருந்தார்கள். தரை எங்கேயோ இருந்தது.

"மெத்தை போதலையா சம்பந்தி?" புருலின் சிரிப்பு மாறவில்லை, குரல் மாறியிருந்தது. "வேற போடச் சொல்றேன். அதக் குடுங்க."

"வேணாம், வேணாம். இதுவே சொகமா இருக்கு. நீங்க போட்ட பூ எவ்வளவு மெத்துனு இருக்கு தெரியுமா!"

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். எந்தத் தொண்டை என்று எஜே திரும்பிப் பார்க்கவில்லை. புருலின் அக்காவுடைய விரல்களிலிருந்து தண்ணீர் ரொட்டியின் மேல் சொட்டியது. உதற முடியாது, புதுவீட்டின் பரக்கத். வலதும் இடதும் பார்த்துவிட்டு, கடைசியில் தன் பாவாடையிலேயே துடைத்துக்கொண்டார். அவருக்கு அடுத்தவள் சட்டைக் கைக்குள்ளிருந்து கசங்கிய கைக்குட்டை ஒன்றை இழுத்தாள்.

புருல் அதையும் பார்த்தார். "கனிஷாய்" என்றார், மருமகளைப் பார்க்காமல், சம்பந்தியையே பார்த்துக்கொண்டு. "பெட்டியில இன்னொரு துண்டு இருக்கு. எடுத்துட்டு வா."

கனிஷாய் போனாள். பெட்டி பக்கத்து அறையில்தான் இருந்தது. ஆனாலும் நெடுநேரம் ஆயிற்று. திரும்பி வந்தவளின் உதடுகள் இறுக மூடியிருந்தன. இன்னும் கையில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தவர்களை எல்லாம் தாண்டி, துண்டை நேரே அம்மாவிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

சால்கின் எஜே இடது முழங்காலைத் தூக்கினார்.