சுவரைப் பார்த்து அழுத பார்லர் அக்கா

அந்தத் தெருப் பெண்களில் பாதிப் பேரின் புருவம் பார்லர் அக்காவின் கைவண்ணம். மீதிப் பாதி அவரவர் வீட்டிலேயே செய்துகொண்டது. பார்த்தாலே தெரியும்.

நாற்காலியில் உட்காருகிறவர்களின் மாமியார், நாத்தனார் என எல்லோரையும் அக்கா அச்சு அசலாகப் பேசிக் காட்டுவாள். "நீங்க சினிமாவுல இருக்க வேண்டிய ஆளுக்கா" என்று சிரித்தவர்கள் சும்மா சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பதைத் தாண்டியவளுக்கு ஆசை ஒன்றே ஒன்று: ஒரு படத்தில், ஒரே ஒரு காட்சியிலாவது முகம் தெரிய வேண்டும்.

முதல் ஆடிஷன், ஒரு மாடியறையில். வெள்ளைச் சுவர், கேமரா, நாற்காலி. நாற்காலியில் தங்கையாக ஒரு பெண். அக்கா அவளிடம், "வீட்டை வித்தாச்சு, உங்கிட்ட சொல்லல" என்று உடைந்து அழ வேண்டும். தாடி வைத்த உதவி இயக்குநர் "ஆக்‌ஷன்" என்றான்.

அக்கா நேராக நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். எதிர்ச் சுவரைப் பார்த்து உருக்கமாகப் பேசினாள். கண்ணீர்கூட வந்தது. கை மட்டும் அந்தப் பெண்ணின் கூந்தலை அள்ளிப் பிடித்திருந்தது.

"அக்கா, யார்கிட்ட பேசறீங்க?"

"இவகிட்டதான் தம்பி."

"செவுத்துல யாரும் இல்லையேக்கா."

அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடமாக அவள் மனிதர்களோடு பேசியதெல்லாம் பின்னால் நின்று, கண்ணாடி வழியாக. "கூப்பிடறோம்" என்றான் தாடி. சினிமாவில் அதற்கு, வீட்டுக்குப் போய் வேலையைப் பாருங்கள் என்று பொருள்.

வீட்டில் கணவரை எதிரே உட்கார வைத்துப் பயிற்சி தொடங்கியது. அவரோ பஸ் டிரைவர். தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியைப் பார்த்தே பயணிகளை அதட்டிப் பழகியவர். இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் நேருக்கு நேர் பார்த்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது.

"வீட்டை வித்தாச்சு" என்றாள் அக்கா.

"வாடகை வீட்டை எப்படிடி விப்ப?"

"கொஞ்சம் வாயை மூடிட்டு என் மூஞ்சியப் பாருங்க."

பார்த்தார். "மூக்கோரத்துல இந்த மச்சம் எப்ப வந்துச்சு?"

"பொண்ணு பாக்க வந்தப்பவே இருந்துச்சு. நீங்க பஜ்ஜியப் பாத்துட்டிருந்தீங்க."

வசனம் அன்று மனப்பாடமாகவில்லை. ஆனால் சோறு ஆறிப்போகும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஆடிஷன் வேறொரு படத்துக்கு, ஆனால் அதே தாடி. காணாமல் போன மகனைத் தேடும் தாய்க்கு ஆறுதல் சொல்லும் பக்கத்து வீட்டுக்காரி வேடம். இந்த முறை அக்கா முன்னால் உட்கார்ந்தாள். எதிரே இருந்த பெண் நிஜமாகவே அழத் தொடங்கினாள். கண் சிவந்து, உதடு கோணி, மூக்கு ஒழுகி... இவ்வளவு பக்கத்தில், நேராக, ஒரு முகம் உடைவதை அக்கா பார்த்ததே இல்லை. பார்த்ததில் வசனம் காற்றோடு போயிற்று.

அக்கா தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள்.

"முதல்ல மூக்கைச் சிந்துடி. பையன் வந்து பாத்தா பயந்துடுவான்."

அழுத பெண் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். தாடி கேமராவை நிறுத்த மறந்தான். பிறகு, "கூப்பிடறோம்க்கா" என்றான். அக்கா செருப்பைத் தேடினாள். அந்த வார்த்தைக்கு அவளுக்குப் பொருள் தெரியும்.

ஆனால் நாலைந்து நாள் கழித்து நிஜமாகவே கூப்பிட்டான். அக்கா அப்போது பல்லிடுக்கில் நூலைக் கடித்தபடி, அவசரமாக வந்த ஒரு வாடிக்கையாளரின் புருவத்தில் இருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, அந்த வேஷம் உங்களுக்குத்தான். நீங்க சொன்ன அந்த மூக்குச் சிந்தற வசனத்தையே வச்சுக்கறோம்."

"ம்."

"முகம் ஃபுல்லா தெரியும்க்கா. குளோசப்."

"ம்ம்."

"என்னக்கா, சந்தோஷமே இல்லையா?"

நூலைத் துப்பிவிட்டு அக்கா போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்தார். ஒற்றைப் புருவத்தோடு உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர், தன் அவசரத்தை மறந்து கைதட்டினார்.