உதட்டில் விரல் வைத்துக் கேட்ட கச்சேரி

பெருங்களத்தூரில் ஒரு பள்ளி அரங்கிலிருந்து எங்கள் சமூக வானொலி ஒரு புதிய பாப் குழுவின் கச்சேரியை நேரலையாக ஒலிபரப்பியது. ஒலிக்கலவை மேசையில் நான் இருந்தேன். பாடகி என் கல்லூரித் தோழி. அதற்கு முன் ஒரே ஒரு மேடை ஏறியிருந்தாள். அங்கே பாதிப் பாட்டில் குரல் அடைத்து இறங்கிவிட்டாள்.

"இன்னிக்கும் அப்டி ஆச்சுன்னா பாட்டே வேணாம்டி. ஊரப்பாக்கத்துல ட்ரெயின் ஏறி ஒழுங்கா ஆபீஸ் போறேன்" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

கேபிள், மைக், பேட்டரி, மாற்று பேட்டரி என்று எல்லாவற்றையும் காலையிலேயே சோதித்திருந்தேன். பார்வையாளர்கள் என் சோதனையில் வரவில்லை.

நேரலையின் சிவப்பு விளக்கு எரிந்ததும் பி.டி. மாஸ்டர் கையை உயர்த்தினார். தரையில் சம்மணமிட்டிருந்த பிள்ளைகள் அனைவரும் ஒரே சமயத்தில் ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்தார்கள். முதல் பாட்டு முடிந்தது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

குனிந்தபடி அவரிடம் போனேன். "சார், கை தட்டலாம் சார்."

"ரேடியோல போவுதுல்ல மேடம்? ஒண்ணு தட்டும், ஒண்ணு ஊளை வுடும். ஸ்கூல் பேரு இன்னா ஆவறது?"

இரண்டாவது பாட்டுக்கு டிரம்ஸ் அதிர்ந்தது. ஒரு தோள்கூட அசையவில்லை. கண்கள் மட்டும் அவள் நகரும் பக்கமெல்லாம் சேர்ந்து நகர்ந்தன. மூன்றாவது பாட்டின் இரண்டாம் வரியில் அவள் நின்றுபோனாள். கிடாரும் டிரம்ஸும் சிறிது தூரம் போய் ஓய்ந்தன.

அப்போது என் ஹெட்போனில் மெல்லிய ரீங்காரம் கேட்டது. எர்த் கோளாறு என்று நினைத்தேன். கிடாரின் ஒலியைக் குறைத்தேன், போகவில்லை. கீபோர்டைக் குறைத்தேன், போகவில்லை. கூட்டத்தின் மேல் தொங்கவிட்டிருந்த மைக்கைக் குறைத்ததும் அடங்கியது. மறுபடி கூட்டினேன். ரீங்காரம் ஏறி இறங்கியது. அவள் விட்ட வரியிலிருந்து பாட்டு மேலே போய்க்கொண்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். ஒரு வாயும் திறந்திருக்கவில்லை. விரல்களும் இடம் மாறவில்லை. அந்த வாரம் முழுக்க, மாலையில் குழு அங்கே ஒத்திகை பார்த்தபோது, வேனுக்குக் காத்திருந்த பிள்ளைகள் ஜன்னலோரம் நின்று கேட்டிருக்கிறார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கையில் மயிர்க்கூச்செறிந்தது. மாஸ்டர் வரிசைகளுக்கிடையே நடந்து ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்தார். அவர் குனிந்த இடத்தில் சத்தம் நின்றது. கடந்ததும் அவர் முதுகுக்குப் பின்னால் மறுபடி எழுந்தது.

அவள் காதிலிருந்த இயர்போனைக் கழற்றினாள். இறங்கி ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவளும் வாயைத் திறக்காமலே அந்த மெட்டில் சேர்ந்துகொண்டாள். அடுத்த வரியில் வாய் திறந்தது. குரல் முதலில் பிசிறியது, பிறகு நிலைத்தது. கடைசிப் பாட்டு வரை அப்படியே நிலைத்தது.

சிவப்பு விளக்கு அணைந்தபோதும் யாரும் கை தட்டவில்லை. பிள்ளைகள் வரிசையாக எழுந்து, விரலை எடுக்காமலே வெளியே போனார்கள்.

நான் கேபிள்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவள் மேடை விளிம்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.

"யாருடி ஆரம்பிச்சது?"

"தெரியல. மாஸ்டர் யார் வாயும் அசையலங்கறார்."

"செம பயம்டி எனக்கு."

"அப்புறம் எப்டி பாடுன?"

பிள்ளைகள் உட்கார்ந்திருந்த தரையைப் பார்த்தாள்.

"நான் பாடலன்னா அதுங்க நிறுத்தவே நிறுத்தாதுன்னு தோணுச்சு."