கம்ப்யூட்டர் சாது என்று சொன்ன தேனீ

இறக்கைக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுக்க வேண்டும். இல்லையேல் முடிவை நம்பக் கூடாது. புகைப்படத்தைப் பார்த்துத் தேனீயின் இனத்தைச் சொல்லும் அந்த வெளிநாட்டு மென்பொருளின் முதல் விதி இதுதான். அரசு அலுவலகத்தில் இருந்த காலமெல்லாம், இணைப்பு விடுபட்ட மனுக்களைத் திருப்பி அனுப்பியே பேர் வாங்கியவன் நான். 2011 ஆவணியில், சிதம்பரத்தில் என் வீட்டில் உட்கார்ந்து, அந்த விதியைப் படித்துவிட்டுத் தாண்டிப் போனேன்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் பெரிய கூடு ஒன்று தொங்கியது. கீழே செத்துக் கிடந்த ஒரு தேனீயின் இறக்கையைப் படம் எடுத்துக் கொடுத்தேன். சிறு தேனீ, சாதுவான இனம் என்று வந்தது. கண்ணால் பார்த்த பூச்சி பெரிதுதான். ஆனால் நான் அச்சடித்து எடுத்த முடிவுத் தாளில் சிறிது என்று இருந்தது. நான் எப்போதுமே தாளின் பக்கம்.

மறுநாள் தொட்டியைக் கழுவித் தரக் கடலூரிலிருந்து என் மனைவியின் தம்பி வந்தான். கூட்டைப் பார்த்ததும் தயங்கினான்.

“மாமா, கூடு ரொம்பப் பெருசா இருக்கு. ஆளை வச்சு எடுத்துட்டு அப்புறம் கழுவலாம்.”

“கம்ப்யூட்டரே சாதுன்னு சொல்லுது. மீசையை முறுக்கினா மட்டும் போதுமா? ஏறு மச்சான்.”

“ஏறுடா தம்பி. அவுங்க பேப்பர்ல இருந்தா தேனீக்கும் அதான் சட்டம்,” என்றாள் மனைவி. மூவரும் சிரித்தோம்.

ஏணியில் ஏறித் தொட்டி மூடியை நகர்த்தினான். அடுத்து அவன் அலறல்தான் கேட்டது. அத்தனையும் மலைத்தேனீ. இறக்கிக் கொண்டுவருவதற்குள் முகம் வீங்கி, மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகுதான் அந்த மூச்சு சீரானது.

அவனை வார்டில் விட்டுவிட்டு வந்து நான் செய்த முதல் காரியம், மென்பொருள்காரர்களுக்குப் புகார் அனுப்பியது. பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் முறைப்படி. தவறு என்னுடையதல்ல என்று எழுத்தில் இருக்க வேண்டுமே!

அவன் தேறிக் கடலூர் போனான். நான் போய்ப் பார்க்கவில்லை. பதில் வரட்டும், அதைக் காட்டிப் பேசிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

பதிலில் இரண்டே வரி. அளவுகோல் இல்லாததால் பெரிய தேனீயும் சிறிய தேனீயும் படத்தில் ஒன்றாகிவிட்டன என்றது முதல் வரி. தொட்டியில் ஏறியவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டது அடுத்தது. என் புகாரில் அவனை ‘நபர் ஒருவர்’ என்றுதான் குறிப்பிட்டிருந்தேன். முகம் தெரியாத யாரோ கேட்ட அதை, நான் அவனிடம் ஒரு போன் போட்டுக்கூடக் கேட்கவில்லை. இன்றும் என்னைத் தலைகுனிய வைக்கும் அந்தப் பதில் வந்து சேர்ந்தது, ஊரே உறவுகளைப் பார்க்கக் கிளம்பும் காணும் பொங்கலன்று.