ஃப்ளெக்ஸில் டாக்டரான என் மகள்

எழுமலையில் என் சின்ன மகனின் காதுகுத்துக்குத் தாய்மாமனான என் அண்ணன் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார். அதில் ப்ளஸ் டூ முடித்திருந்த என் மகளின் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டி, ‘வருங்கால டாக்டர்’ என்று போட்டிருந்தார். மொய் செய்ய வந்தவர்களெல்லாம் அவளை ‘டாக்டரம்மா’ என்றார்கள்.

“எனக்குக் கணக்குதாம்மா படிக்கணும்” என்றாள் அவள்.

“ஊரே பாத்துருச்சு. இப்ப மாத்துனா மாமா மூஞ்சிய எங்குட்டு வச்சுக்குவாரு?” என்று அவள் வாயை அடைத்தேன்.

இரண்டு வருடம் மதுரையில் நீட் கோச்சிங் போனாள். மார்க் வரவில்லை. கூடப் படித்தவர்கள் கல்லூரியில் மூன்றாம் வருடம் போய்விட்டார்கள். இவள் இப்போதுதான் கணக்கில் முதல் வருடம். அந்த ஃப்ளெக்ஸ் எங்கள் மாட்டுக்கொட்டகையில் மழைக்கு மறைப்பாகத் தொங்குகிறது. லீவுக்கு வந்தாலும் அவள் அந்தப் பக்கம் போவதில்லை.

போன வாரம் அண்ணன் போன் செய்தார். “ஏத்தா, புதுவீட்டுக்குப் பால் காய்ச்சுறோம். ஃப்ளெக்ஸுல சின்னவனக் கலெக்டர்னு போட்டுரவா?”

நான் அவன் போட்டோவையே அனுப்பவில்லை.