அம்மா தன் அளவுக்குச் செய்த சைக்கிள்

எங்கள் அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப்பேருடைய சட்டையை அம்மாதான் தைத்திருப்பார். மீதிப்பேர் அம்மாவின் சைக்கிளைப் பற்றி யாரிடமோ கேள்விப்பட்டு, "உண்மையோ பிள்ளை?" என்று என்னிடம் விசாரித்தவர்கள். அந்த இரண்டாவது பகுதியினருக்காகத்தான் இதைக் கொஞ்சம் விபரமாக எழுதுகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா சாவகச்சேரிக்குக் கிட்டிய ஓர் ஊரில் ஐந்து பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். ஏழு வயதில் மதிலில் இருந்து விழுந்து வலது கால் முறிந்தது. முறிவு பொருந்தியபோது அந்தக் கால் ஒன்றேகால் அங்குலம் குறைந்துவிட்டது. ஊரில் பெண்பிள்ளைகள் எல்லோரும் சைக்கிளில் பள்ளிக்கூடம் போக, அம்மா தன் அக்காவின் சைக்கிளில், பின்பக்கக் கரியரில் ஒருபக்கமாக இருந்து போனார். பத்து வருடம் அப்படித்தான் போனது. அந்த அக்காதான் இன்று கொட்டாஞ்சேனையில் இருக்கும் எங்கள் பெரியம்மா.

அப்பாவைத் திருமணம் செய்து, என்னையும் தம்பியையும் பெற்று, போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து, அப்பாவை நோய்க்குப் பறிகொடுத்து, கடைசியில் இரண்டு பிள்ளைகளோடும் ஒரு தையல் மெசினோடும் அம்மா கொழும்புக்கு வந்தார். முதல் இரண்டு வருடம் பெரியம்மாவின் வீட்டு முன்னறையில் இருந்தோம். பிறகு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் ஒரு வீடு. அந்த வீட்டு விறாந்தையில் இருந்து அம்மா தைத்த சட்டைகளில்தான் நாங்கள் படித்தோம். வெள்ளவத்தையில் சட்டை தைப்பவர்களுக்குக் குறைவில்லை. ஆனாலும் ஒரு தோள் இறங்கியவர்களும், முதுகு வளைந்தவர்களும், சத்திரசிகிச்சை செய்தவர்களும் அம்மாவிடம்தான் வந்தார்கள். அவர்கள் தங்கள் உடம்பைக் குறை சொல்லத் தொடங்கினால் அம்மாவுக்குப் பொல்லாத கோபம் வரும்.

"உடம்பில ஒரு பிழையும் இல்லை. உடுப்புத்தான் உடம்புக்கு ஏத்த மாதிரி வரவேணும். கையைத் தூக்குங்கோ பாப்பம்" என்பார்.

ஐம்பத்தெட்டு வயதில் அம்மா சைக்கிள் வேண்டும் என்று கேட்டார். ஞாயிறு காலைகளில் கடலோர வீதியில் பந்தயச் சைக்கிள்காரர்கள் கூட்டமாகப் போவதைப் பல்கனியில் இருந்து பார்த்துப் பார்த்து வந்த ஆசை அது. நான் சிரித்துவிட்டேன். அதை மறைக்காமல் எழுதுகிறேன். "அம்மா, எங்க போகவேணும் எண்டு சொல்லுங்கோ, நான் திரீவீலர் பிடிச்சுத் தாறன்" என்றேன்.

அம்மா ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னார்: "எல்லாரும் என்னைக் கொண்டுபோய்த்தான் விட்டிருக்கினம். முதல் அக்கா, பிறகு உங்கட அப்பா, இப்ப நீ. நானா ஒரு இடத்துக்குப் போனதில்லை. ஒருக்கா அக்காவின்ர வீட்டு வாசலில நானாப் போய் இறங்கவேணும்."

அக்கா என்றது கொட்டாஞ்சேனைப் பெரியம்மாவைத்தான். அந்த வாரமே அம்மாவைச் சைக்கிள் கடைகளுக்குக் கூட்டிப்போனேன்.

கடைகளில் இருந்த சைக்கிள் ஒன்றும் சரிவரவில்லை. அம்மா நாலடி ஒன்பது அங்குலம். ஒரு கால் எட்டினால் மற்றக் கால் எட்டாது. சிறுவர் சைக்கிளைக் காட்டிய கடைக்காரரை அம்மா பார்த்த பார்வையை அவர் இன்னும் மறந்திருக்க மாட்டார். "ரெடிமேட் பொருந்தாட்டித் தைக்கிறதுதானே" என்று சொல்லி, அடுத்த நாளே கிருலப்பனையில் ஒட்டுப்பட்டறை வைத்திருந்த ஒரு பாஸைக் கண்டுபிடித்துவிட்டார். சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் செய்கிற சிங்களப் பெரியவர் அவர். இளமையில் பந்தயச் சைக்கிள் பிரேம்கள் ஒட்டியவர். பழைய பந்தயச் சைக்கிள்களின் மெல்லிய உருக்குக் குழாய்கள் அவரிடம் கிடந்தன. அவற்றை வெட்டி, மூட்டுகளைப் பித்தளையால் ஒட்டிப் புதுப் பிரேம் செய்து தருவதாகச் சொன்னார்.

பந்தயச் சைக்கிளின் வளைந்த ஹாண்டில் எதற்கு, நிமிர்ந்து இருந்து ஓடுகிற சைக்கிள் போதாதா என்று நான் கேட்டேன். "நாப்பது வருசம் மெசினுக்கு முன்னால குனிஞ்ச முதுகு. நிமிந்தாத்தான் நோகுது" என்றார்.

அளவெடுத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா கண்ணாடிக்கு முன்னால் நின்று தன்னைத்தானே அளந்தார். நான் நாடாவின் மறுமுனையைப் பிடித்து எண்களை எழுதினேன். காலின் உள்ளளவு, இடுப்பில் இருந்து கழுத்து, தோளில் இருந்து மணிக்கட்டு. ஒவ்வொன்றையும் பாஸுக்கென்று வேறு கடதாசியில் எழுதும்போது அம்மா ஓர் அங்குலம் கூட்டியே எழுதினார். தையலுக்கு விடுகிற துணி அது. நாற்பது வருடப் பழக்கம், கை தானாகவே எழுதிவிட்டது. அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தோன்றவில்லை. பாஸ் அந்த அளவையே சரியான அளவென்று எடுத்து, ஒரு மாதம் மினக்கெட்டு, மயிரிழை பிசகாமல் பிரேமை ஒட்டி முடித்தார்.

முன்னும் பின்னும் இரவல் சில்லுகளை மாட்டி அம்மாவை ஏறச் சொன்னார் பாஸ். குறுக்குக் குழாயின் இருபக்கமும் கால்போட்டு நின்றபோது அம்மாவின் வலது கால் நிலத்தில் படவில்லை. கைகள் ஹாண்டிலுக்கு எட்டவில்லை. பாஸ் முகம் கறுத்து, அந்தக் கடதாசியை எடுத்து எடுத்துப் பார்த்தார். நான் அம்மாவை வீட்டுக்குக் கூட்டிப்போய்விடலாம் என்று நினைத்தேன். இத்தோடு இந்த ஆசை முடிந்துவிடும் என்று கொஞ்சம் நிம்மதிகூட அடைந்தேன். இன்று அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

அம்மா கடதாசியை வாங்கிப் பார்த்தார். பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். பிறகு தனக்குத் தெரிந்த சிங்களத்தில், பிழை பாஸுடையது அல்ல, தன்னுடையது என்று சொன்னார்: "பாஸ்கே வெரத்தக் நெவெய். மகே." அடுத்ததாகக் கேட்டார்: "லிஹன்ன புளுவந்த?"

தையலைப் பிரிப்பதற்குச் சிங்களத்தில் சொல்கிற சொல் அது. இரும்பைப் பிரிக்க முடியுமா என்று ஒரு தையற்காரி கேட்டதும் பாஸ் ஒரு கணம் விழித்தார். பிறகு தன் கொச்சைத் தமிழில், "வெல்டிங் எண்டா பே, ஏலாது அம்மா. இது பித்தளை. சூடு போட்டா களரும்" என்றார்.

"களரும் எண்டா களட்டுவம். கூட விட்டபடியாத்தானே வெட்டலாம். குறைச்சு விட்டிருந்தா என்ன செய்யிறது?" என்று அம்மா என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு இருந்துகொண்டார்.

அந்தச் சனிக்கிழமை முழுவதும் பாஸ் மூட்டுகளைச் சூடாக்கிப் பித்தளையை உருக்கி, குழாய்களைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் ஓர் அங்குலம் வெட்டி மறுபடி ஒட்டினார். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். வலது பெடலுக்கு மேல் ஒன்றேகால் அங்குலக் கட்டை வைக்கச் சொன்னதும் அம்மாதான். வீதியில் நடப்பதற்கு அவர் செருப்புக்கு அடியில் தட்டு வைத்திருந்தார். சைக்கிளில் அது வேண்டாம், பெடல்தான் தன் காலுக்கு உயரவேண்டும் என்றார்.

மிச்சமெல்லாம் எங்கள் வீட்டு விறாந்தையில்தான் நடந்தது. துணி வெட்டுகிற மேசையில் பிரேம் தலைகீழாக ஏறியது. சட்டை எடுக்க வந்தவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கடற்காற்றில் வெள்ளவத்தையில் எல்லாமே துருப்பிடிக்கும் என்பதால் குழாய்களுக்குள் அம்மா தையல் மெசின் எண்ணெயை ஊற்றி ஆட்டி ஆட்டிப் பூசினார். லண்டனில் இருந்து தம்பி கியரும் செயினும் அனுப்பிவைத்தான். சில்லுக்குக் கம்பி கோத்ததுதான் பெரிய பாடு. நாலு நாள் இருந்து அம்மா அழகாகக் கோத்து முடித்தபோது, காற்றடிக்கிற வால்வுக்கு மேலே இரண்டு கம்பிகள் குறுக்கே நின்றன. பம்ப் உள்ளே போக இடமில்லை. முழுவதையும் பிரித்து மறுபடி கோத்தார். சில்லு நேராக ஓடுகிறதா என்று பார்க்க, துணியில் கோடு போடுகிற சோக்கட்டியைப் பிடித்துச் சில்லைச் சுற்றினார். எந்த இடத்தில் சோக் படுகிறதோ அந்த இடத்துக் கம்பியை இறுக்குவார். கடைசியில் எங்குமே படாமல் சில்லு சுழன்றது. அப்போது அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் இருந்த பெருமையை, என் பட்டமளிப்பு நாளில்கூட நான் கண்டதில்லை.

நிறத்துக்கு ஒரு சட்டைத் துண்டைக் கொண்டுபோய்ப் பெயிண்ட் கடையில் கொடுத்தார். அரக்கு நிறம், ஓரத்தில் மெல்லிய பொன்கோடு. பிள்ளையார் கோயிலில் சில்லுக்கு அடியில் ஐயர் எலுமிச்சம்பழம் வைத்தார். விரலளவு ரயர் ஏறினால் பழம் வழுக்கிக்கொண்டு ஓடியது. மூன்றாம் முறை ஐயரே காலால் மிதித்துவிட்டு, "நசிஞ்சிட்டுது, போங்கோ" என்றார்.

சைக்கிள் வந்துவிட்டது. அம்மாவுக்கு ஓடத்தான் தெரியாது. மூன்று மாதம், வெயில் ஏறுமுன், கடலோர வீதியில் நான் சீற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். இரண்டு தரம் விழுந்தார். ஒரு தரம் முழங்காலில் நாலு தையல். தையல் போட்ட மருத்துவத்தாதியிடம், "இடைவெளி கூடிப்போச்சு பிள்ளை, இன்னும் நெருக்கிப் போடலாம்" என்று சொன்னவர் எங்கள் அம்மா. பெரியம்மா தொலைபேசியில் என்னைத்தான் திட்டினார். "அவளுக்குத்தான் மூளை இல்லை, உனக்குமோ?" என்றார்.

ஒரு போயா நாள் காலை, பௌர்ணமி விடுமுறையில் வீதியில் வாகனம் குறைந்த நேரமாகப் பார்த்து அம்மா புறப்பட்டார். தான் தைத்த ஒடுக்கமான சுரிதார், தலையில் தொப்பி. பின்னால் யாரும் வரக்கூடாது என்பது கட்டளை. நான் அந்தக் கட்டளையை மீறித் திரீவீலரில் பின்னால் போனேன். பம்பலப்பிட்டி தாண்டியதும் அம்மா கண்டுபிடித்துவிட்டார். திரும்பிப் பார்க்காமலே கையைக் காட்டி, முன்னால் போ என்றார். திரீவீலர்க்காரர் என்னிடம் கேட்கவே இல்லை. ஹோர்ன் அடித்து அம்மாவைக் கடந்து போய்விட்டார். கொள்ளுப்பிட்டியில் நாங்கள் ஒதுங்கி நின்றபோது, ஒரு பஸ் அம்மாவுக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்து வந்தது. மிதிபலகையில் தொங்கிய கொண்டக்டர் மற்ற வாகனங்களைக் கையால் மறித்து, "யண்ட அம்மே, யண்ட!" என்று கத்தினார். போங்கள் அம்மா, போங்கள் என்று. நான் அழுதேன்.

காலிமுகத்திடல், கோட்டை, புறக்கோட்டை எல்லாம் தாண்டி, கொட்டாஞ்சேனைக்குள் ஏறுகிற ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவார் என்று நினைத்தேன். இறங்கவில்லை. பெரியம்மாவின் வாசலில் பிரேக் பிடித்து, நல்ல காலை ஊன்றி நின்று மணியடித்தார். பெரியம்மா கையில் அகப்பையோடு வந்தார்.

"எடியே! தனியவோ வந்தனி?"

"ஓம் அக்கா. தேத்தண்ணி போடுங்கோ."

பெரியம்மா சைக்கிளைச் சுற்றிவந்து பார்த்தார். "என்னடி, கரியர் இல்லையே?"

"வேண்டாமெண்டு நான்தான் சொன்னனான்."

இருவரும் வாசற்படியில் இருந்து சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப்பார்த்தார்கள்.

அதன்பின் நாலு வருடம் அம்மா அந்தச் சைக்கிளை ஓடினார். கோயிலுக்கு, சந்தைக்கு, மாதத்தில் ஒருமுறை கொட்டாஞ்சேனைக்கு. பிறகு ஈரலில் நோய் என்றார்கள். ஏழு மாதம். படுக்கையில் இருந்தும் ரயருக்குக் காற்று இருக்கிறதா என்று விசாரிப்பார். வலி கடுமையான நாட்களிலும் தாதியரைப் பெயர் சொல்லியே கூப்பிட்டார், ஒருவரையும் நோகப் பேசவில்லை. ஒரு மத்தியானம், லண்டனில் இருந்து வந்திருந்த தம்பியும் நானும் பக்கத்தில் இருக்க, அமைதியாகக் கண்மூடினார்.

அம்மாவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், சாவுக்குப் பிறகு எட்டு நாளும் எங்களுக்குச் சமைத்துத் தந்த மாடிவீட்டுக்காரர்களுக்கும், கிருலப்பனையில் இருந்து வந்து கடைசிவரை நின்ற பாஸுக்கும், தங்கையைப் பத்து வருடம் சுமந்து பள்ளிக்கூடம் சேர்த்த பெரியம்மாவுக்கும், அந்தப் போயா நாளில் வழிமறித்து வழிவிட்ட, பெயர் தெரியாத அந்தக் கொண்டக்டருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சைக்கிளை யாருக்காவது கொடுக்கலாமே என்று சிலர் கேட்டீர்கள். ஏறிப் பார்த்தேன். எனக்குப் பொருந்தவில்லை. வேறு யாருக்கும் பொருந்தாது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அம்மாவின் மரண அறிவித்தலைச் சித்தப்பா எழுதினார். இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் சகோதரியும் ஆவார் என்று வழக்கம்போல ஒழுங்காக எழுதினார். அதன் கீழே நான் ஒரு வரி சேர்த்தேன். சித்தப்பா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்து, "பிள்ளை, இது மரண அறிவித்தல், பந்தய முடிவில்லை" என்று அதை வெட்டிவிட்டார். சாவீட்டில் சண்டை பிடிக்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை. இந்த மலரை அச்சுக்குக் கொடுப்பது நான். ஆகவே சித்தப்பா மன்னிக்க வேண்டும்:

அன்னார், வெள்ளவத்தையில் இருந்து கொட்டாஞ்சேனைக்கு, தன் அளவுக்குத் தானே செய்த சைக்கிளில், ஒருவரும் கூட்டிச் செல்லாமல், தானே ஓட்டிச் சென்றவரும் ஆவார்.